‘போல’ன்னு ஒரு சொல்லு: டிரஸ்ட் சட்டம், உருவகம், மனசாட்சி பத்தி அடிக்கடி கேக்குற கேள்விங்க

நான் பாரிமுனைல வக்கீல் குமாஸ்தா, தம்புச் செட்டித் தெருல மாடி ஏறி எறங்கியே முட்டி தேஞ்சவன். வீடு தண்டையார்பேட்டை. எங்க தெரு கோயில் கூழ் கமிட்டில கணக்கு நோட்டு எழுதறதும் நான்தான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் படிப்பகத்துல நாலஞ்சு பேரு உக்காந்து சட்டம் பேசுவோம், போன வருஷம் டிரஸ்ட் பத்தி ஆரம்பிச்சது இன்னும் முடியல. திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்கள எழுதி வச்சிட்டேன், ஒரே பதில பத்து தடவ சொல்ல தொண்டைல தெம்பு இல்ல. டீடு, அதாவது டிரஸ்ட் பத்திரம், எழுத ஸ்டாம்ப் எவ்ளோ, வருமான வரி விலக்கு எப்படி வாங்கறதுன்னு கேக்கறவங்க நல்ல ஆடிட்டரா பாத்துப் போங்க, இங்க அது கெடையாது.

டிரஸ்ட்டுன்னா என்னா, ஒரே வரில சொல்லுப்பா?

சொத்து உன் பேர்ல, பலன் வேற ஒருத்தருக்கு.

கொஞ்சம் நீட்டணும்னா, 1882ம் வருஷத்து இந்திய டிரஸ்ட் சட்டம் 3ம் பிரிவுல, டிரஸ்ட்டுங்கறது சொத்துரிமையோட ஒட்டியிருக்கற ஒரு கடமைன்னு சொல்லுது. ஒருத்தர் நம்பி ஒப்படைக்கறார், இன்னொருத்தர் சரின்னு ஏத்துக்கறார், மூணாவது ஆளு பலன அனுபவிக்கறார். எழுதி வச்சவர், டிரஸ்டி, பயனாளி, இந்த மூணு பேரும் ஒரு சொத்தும், அவ்ளோதான் கதை. அந்த ‘ஒட்டியிருக்கற’ங்கறத மட்டும் மனசுல வச்சிக்கங்க, அதுவே ஒரு உருவகந்தான், கடமை என்ன ஸ்டிக்கரா ஒட்டறதுக்கு?

சட்டத்துல உருவகம் எங்கேந்து வந்துச்சு? அது கவிதை எழுதறவங்க வேலை இல்லியா?

டிரஸ்ட் சட்டத்துல உருவகத்த எடுத்துட்டா ஒன்னும் மிஞ்சாது. சொத்த ‘கையில வச்சிருக்கான்’, கோர்ட்டுக்கு வர்றவன் ‘சுத்தமான கையோட’ வரணும், பணத்த ‘பின்தொடர்ந்து’ போலாம், டிரஸ்டி ‘மனசாட்சி’ கட்டுப்பட்டிருக்கு. இதுல எதுவும் கண்ணால பாக்கற சமாச்சாரம் இல்ல. ஒரு காலி மனை இருக்கு, அதுல ஒரு வேப்பமரம் இருக்கு, ‘டிரஸ்ட்’ எங்க இருக்கு காட்டுன்னா காட்ட முடியாது. பத்திரத்துல ஒரு பேரு, அந்தப் பேருக்குப் பின்னாடி இன்னொருத்தருக்குப் பட்ட பாத்தியம். கண்ணுக்குத் தெரியாதத பேசணும்னா தெரிஞ்சதோட பேரத்தான் எரவல் வாங்கணும்.

இது எங்கேந்து ஆரம்பிச்சதுன்னா இங்கிலாந்துல. நடுக்காலத்துல நெலத்த நண்பன் பேர்ல எழுதி வச்சிட்டு, ‘என் பொண்டாட்டி புள்ளைங்களுக்காக நீ வச்சிரு’ன்னு சொல்லிட்டுப் போவாங்க. நண்பன் கைய விரிச்சிட்டா சாதா கோர்ட்டுல வேலைக்காவாது, ஏன்னா அந்தக் கோர்ட்டுக்கு பத்திரத்துல யார் பேரோ அவந்தான் சொந்தக்காரன். அதனால ராஜாவோட சான்சலர்கிட்ட ஓடுவாங்க. அந்தக் காலத்துல சான்சலர் பெரும்பாலும் பாதிரியாரு, ராஜாவோட மனசாட்சியப் பாத்துக்கறவர்னு அவருக்கு ஒரு பேரு. அவரு நண்பனக் கூப்ட்டு, நெலம் உன்னுதுதான், நான் மறுக்கல, ஆனா உன் மனசாட்சிக்கு ஒத்துக்குதான்னு கேப்பாரு. ஒத்துக்கலன்னா ஜெயில். டிரஸ்ட்டுங்கற ஏற்பாடு பூராவும் இந்த ஒரு கேள்வில இருந்து மொளச்சதுதான்.

அப்ப சான்சலர் நல்லவரா இருந்தா நல்ல தீர்ப்பு, இல்லன்னா அம்பேலா?

இதே சந்தேகம் 17ம் நூற்றாண்டுல ஜான் செல்டனுக்கும் வந்துச்சு. மனசாட்சிய அளவுகோலா வைக்கறது, சான்சலரோட பாதத்த ‘ஒரு அடி’ன்னு அளவா வைக்கற மாதிரின்னு நக்கல் அடிச்சாரு, ஒருத்தர் பாதம் நீளம், ஒருத்தர் பாதம் குட்டை. ஒரு உருவகத்த இன்னொரு உருவகத்தால அடிச்சது. அதுக்கப்புறந்தான் கொஞ்சம் கொஞ்சமா மனசாட்சி விதியா எறுகிச்சு. இன்னிக்கி கோர்ட்டுல மனசாட்சின்னு சொன்னா யாரும் நெஞ்சத் தொட்டுப் பாக்கறதில்ல, முன்தீர்ப்பு என்னான்னு பாக்கறாங்க.

‘போல’, ‘போல’ன்னே பேசறியாமே, அது இன்னா?

இதான் எனக்குப் புடிச்ச கேள்வி. எட்டாங்கிளாஸ் தமிழ் ஞாபகம் இருக்கா? ‘தாமரை போன்ற முகம்’னா உவமை. ‘முகத்தாமரை’ன்னா உருவகம். உவமைல ‘போல’ நடுவுல நிக்கும், முகம் வேற தாமரை வேறன்னு ஒரு இடைவெளி இருக்கும். உருவகத்துல அந்த ‘போல’ கழண்டுக்கும், ரெண்டும் ஒன்னாயிடும்.

இப்ப டிரஸ்ட் சட்டம் 15ம் பிரிவப் பாருங்க. சாதாரண புத்தியுள்ள ஆளு தன் சொந்த சொத்த எவ்ளோ கவனமா பாத்துப்பானோ அவ்ளோ கவனமா டிரஸ்டி டிரஸ்ட் சொத்தப் பாத்துக்கணும்னு போட்டிருக்கு. சொந்த சொத்து போல. வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்துல கடைசிக் குறள்ல (120) இதையேதான் வியாபாரிக்கு சொல்றாரு: ‘வாணிகம் செய்வார்க்கு வாணிகம் பேணிப் பிறவும் தமபோல் செயின்’. பிறவும் தமபோல். அடுத்தவன் பொருளையும் தன் பொருள் போல.

அந்தப் ‘போல’ நிக்கற வரைக்கும் டிரஸ்ட் நிக்கும். ‘தன்னுது போல’ன்னு கவனமா பாத்துக்கறவனுக்கும் ‘தன்னுது’ன்னு எடுத்துக்கறவனுக்கும் வித்தியாசம் அந்த ரெண்டெழுத்துதான். நான் பாத்த டிரஸ்ட் கேஸ் கட்டுல முக்கால்வாசி, எடுத்த எடுப்புலயே திருடணும்னு வந்தவன் கதை இல்ல. இருபது வருஷம் ராப்பகலா பாடுபட்டு, தன் காசப் போட்டு செவுரு எழுப்பி, கடைசில ‘நான் இல்லன்னா இது ஏது’ன்னு ஒரு நாள் தோணி, ‘போல’ கழண்டு, அப்புறம் புள்ளை பேருக்கு ஒரு ரூம் எழுதிக் குடுத்தவன் கதை. உவமைல வாழ வேண்டியவன் உருவகமாயிட்டான்.

டிரஸ்டிக்கு சம்பளம் கூட இல்லியாமே, அப்ப எவன் வருவான்?

டீடுல எழுதியிருந்தா உண்டு, இல்லன்னா 50ம் பிரிவுப்படி கெடையாது. வர இஷ்டம் இல்லன்னா வர வேணாம், யாரையும் கழுத்தப் புடிச்சி டிரஸ்டியாக்க முடியாது, 10ம் பிரிவு. ஆனா ஒருவாட்டி சரின்னு ஏத்துக்கிட்டா நெனச்ச நேரத்துல எறக்கி வச்சிட்டுப் போக முடியாது, கோர்ட்டு அனுமதி வேணும், இல்லன்னா பயனாளி சம்மதம், இல்லன்னா டீடுலயே அதுக்கு வழி இருக்கணும்.

தேன் எடுத்தவன் பொறங்கைய நக்காமலா இருப்பான்?

படிப்பகத்துல இந்தப் பழமொழிய யாராவது ஒருத்தர் வாரா வாரம் சொல்லிடுவாரு, சொல்லிட்டு சிரிப்பாரு, எல்லாரும் சிரிப்போம். ஆனா 51ம் பிரிவு கிட்டத்தட்ட இந்தப் பழமொழிக்கே எழுதின பதில்: டிரஸ்ட் சொத்த தன் லாபத்துக்கு பயன்படுத்தக் கூடாது. நக்கக் கூடாது, பொறங்கையக் கூட.

யாருக்கும் நஷ்டமே இல்லன்னாலும் கூடாதான்னு கேப்பீங்க. 1726ல இங்கிலாந்துல கீச் எதிர் சாண்ட்ஃபோர்டுன்னு ஒரு கேஸ். ராம்ஃபோர்டுங்கற ஊர் சந்தையோட லீஸ் ஒரு சின்னப் பையனுக்காக டிரஸ்டிகிட்ட இருந்துச்சு. லீஸ் முடியப் போவுது, டிரஸ்டி ஒழுங்கா போய் பையன் பேருக்கே புதுப்பிச்சிக் குடுங்கன்னு கேட்டாரு. ஓனரு, மைனர் பையனுக்கு தரமாட்டேன்னுட்டாரு. சரி, பையனுக்குத்தான் இல்லன்னு ஆயிடுச்சே, எனக்காவது குடுன்னு டிரஸ்டி தன் பேர்ல வாங்கிக்கிட்டாரு. நம்ம ராயபுரம் மார்க்கெட்டுல ஒரு கடைன்னு வச்சிக்கங்க, பையனுக்குக் கெடைக்காத கடைய சித்தப்பா எடுத்துக்கிட்டா தெருல ஒருத்தரும் தப்பு சொல்லமாட்டாங்க. ஆனா லார்டு சான்சலர் கிங், அந்த லீசும் அதுல வந்த லாபமும் பையனுக்குத்தான்னுட்டாரு. உலகத்துல எல்லாரும் அந்த லீச வாங்கலாம், டிரஸ்டி ஒருத்தன் மட்டும் வாங்கக் கூடாது, கடுமையாத்தான் தெரியும், இருந்தாலும் இதத் தளத்தினா என்னாவும்னு தெரியாதான்னு அவரே சொல்லிருக்காரு.

முந்தியெல்லாம் எனக்கு இது அநியாயமா பட்டுச்சு. அப்புறம் என் கதைலயே ஒன்னு நடந்துச்சு.

என்னா நடந்துச்சு? (இத எல்லாரும் கேக்கறாங்க)

சரி, சொல்லிடறேன். எங்க கூழ் கமிட்டி பணம் ஒரு தகரப் பெட்டில இருக்கும், பழைய பிஸ்கட் டின் இல்ல, கொல்லன் அடிச்ச பெட்டி, முன்பக்கம் ரெண்டு கொண்டி, ரெண்டு பூட்டு. ஒரு சாவி என்கிட்ட, இன்னொன்னு எங்க தெருப் பெரியவர்கிட்ட, நாங்க நைனான்னு கூப்புடுவோம். வசூல் நேரத்துல ரெண்டு பூட்டும் தொறந்து தொறந்து மூடறது தொல்லைன்னு ஒரு பூட்ட சும்மா மாட்டி மட்டும் வச்சிருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை பொண்ணுக்கு பீஸ் கட்ட கடைசி நாளு, எனக்கு சம்பளம் திங்கக்கிழமை. 3,000 எடுத்தேன். திங்கக்கிழமை சாயங்காலம் அதே 3,000 வச்சேன். சனி ஞாயிறு பெட்டிய யாரும் தொறக்கக் கூட இல்ல.

யாருக்கும் தெரியாது, ஆனா எனக்கு இருப்புக்கொள்ளல, செவ்வாக்கிழமை நைனாகிட்ட போய் சொல்லிட்டேன். திட்டுவாருன்னு நெனச்சேன், இல்ல பரவால்ல உடுன்னு சொல்வாருன்னு நெனச்சேன். ரெண்டும் இல்ல. நோட்ட எடுத்தாரச் சொன்னாரு.

‘எழ்து.’

‘அதான் வச்சிட்டனே நைனா.’

‘வச்சது கீது, எட்த்தது எங்க கீது? எழ்து. வெள்ளிக்கெயம, எட்த்தது மூவாயிரம், உன் பேரு. திங்கக்கெயம, வச்சது மூவாயிரம், உன் பேரு. கையெய்த்து.’

எழுதினேன். அந்த ரெண்டு வரி இன்னும் அந்த நோட்டுல இருக்கு, மேல பந்தல் அட்வான்ஸ் 1,500, கீழ கேவுரு மாவு 40 கிலோ, நடுவுல என் பேரு ரெண்டு தடவ. ஆடி மாசம் கணக்குப் படிக்கும்போது தெருல எல்லார் முன்னாடியும் அதையும் படிச்சேன், யாரும் ஒன்னும் சொல்லல, பின்னாடி ரெண்டு பேரு சிரிச்சாங்க. அன்னிலேந்து ரெண்டாவது பூட்டும் நெசமாவே பூட்டுறோம்.

எங்க கமிட்டிக்கு 1882 சட்டம் பொருந்தாது, அது தனியார் டிரஸ்ட்டுக்கு, கோயில் தர்மத்த அந்த சட்டம் முதல் பிரிவுலயே வெலக்கி வச்சிருக்கு. நைனா அந்த சட்டத்தப் படிச்சவரும் இல்ல, அஞ்சாவதோட ஹார்பர் வேலைக்குப் போனவரு. ஆனா கீச் கேசுல லார்டு கிங் செஞ்சதுக்கும் இவரு செஞ்சதுக்கும் எனக்கு ஒரு இஞ்சு வித்தியாசம் தெரியல.

மனசாட்சிதான் எல்லாம்னா நோட்டு எதுக்கு? நோட்டுதான் எல்லாம்னா மனசாட்சி எதுக்கு?

இதுக்குத்தான் ஹெகல்ங்கற ஜெர்மன்காரரக் கொஞ்சம் இழுக்க வேண்டியிருக்கு, பயப்படாதீங்க, ரெண்டு நிமிஷம். அவரு 1821ல போட்ட உரிமைத் தத்துவ புக்குல அறத்த ரெண்டா பிரிக்கறாரு. ஒன்னு தனி மனுஷன் உள்ளுக்குள்ள வச்சிருக்கற நன்னெறி, என் மனசுக்கு சரின்னு படுது அதனால சரி. இன்னொன்னு அறவாழ்வு: குடும்பம், தொழில், ஊர், அரசு இதுங்களோட பழக்கவழக்கத்துல, நடைமுறைல, கண்ணு முன்னாடி நிக்கற அறம். மனசாட்சி தனியா நின்னா எதையும் நியாயப்படுத்திடும்னு அவருக்கு சந்தேகம். எனக்கும் அந்த வெள்ளிக்கிழமை என் மனசாட்சி ‘பரவால்ல, திங்கக்கிழமை வச்சிடலாம்’னுதான் சொல்லுச்சு.

நம்ம பக்கம் ‘மனத்துக்கண் மாசிலன் ஆதல் அனைத்து அறன்’னு குறள் இருக்கே (34), அது நேர் எதிரால்ல இருக்குன்னு படிப்பகத்துல ஒரு தம்பி மடக்கினான். மனசு சுத்தமா இருந்தா அதுவே அறம், மத்ததெல்லாம் ஆரவாரம்னு வள்ளுவர் சொல்றாரு. நான் என்ன சொன்னேன்னா, அது தனக்குத்தானே நடந்துக்கறதுக்கு. அடுத்தவன் துட்டு கையில இருக்கும்போது என் மனசு சுத்தம்னு எனக்குத் தெரிஞ்சா போதாது, துட்டுக்கு உரியவனுக்குத் தெரியணும். அவனுக்கு என் மனசத் தொறந்து பாக்க வழியில்ல, நோட்டத் தொறந்து பாக்கலாம். பயனாளி கேட்டா கணக்கு காட்டணும்னு 19ம் பிரிவு சொல்றதும் இதுக்குத்தான். அந்தத் தம்பி ஒத்துக்கல, வள்ளுவர வளைக்கறேன்னு சொல்றான். இருக்கலாம்.

தமிழ்ல இதுக்கெல்லாம் என்ன உருவகம் இருக்கு?

ஒரு நாள் கரும்பலகைல எழுதிப் பாத்தோம். தேன் எடுத்தவன் பொறங்கை. வேலியே பயிர மேய்ஞ்சா. பூனைக்கு பால் காவல். ஊரான் வீட்டு நெய்யே எம்பொண்டாட்டி கையே. ட்ரஸ்ட்டு காச சாப்ட்டான், முழுங்கினான், ஏப்பம் உட்டான், ஸ்வாகா பண்ணிட்டான். எழுதி முடிச்சிட்டுப் பாத்தா எல்லாமே சாப்பாடு! இங்கிலீஷ் சட்டத்துல கை, மனசாட்சி, பின்தொடர்றது. நம்மளுக்கு பூராவும் வாயி, வயிறு.

இதுல ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் இருக்கு. நல்லது, திருட்ட ஒடம்புல உணர வைக்குது. ‘சிவன் சொத்து குலநாசம்’னு சொன்னா அது வயித்துக்குள்ள போய் வம்சத்தையே அரிக்கற வெஷம் மாதிரி. கெட்டது, சாப்ட்டா போச்சுன்னு ஆயிடுது. முழுங்கினத எப்படித் திரும்ப வாங்கறதுன்னு நம்ம ஜனங்க விட்டுர்றாங்க. சட்டம் அப்படி பாக்கல. 63ம் பிரிவுப்படி டிரஸ்ட் சொத்து மூணாம் ஆளு கைக்குப் போனாலும், பணமாவோ வேற பொருளாவோ உருமாறியிருந்தாலும் பின்னாடியே போலாம். டிரஸ்டி டிரஸ்ட் பணத்துல ஒரு டாட்டா ஏஸ் வாங்கி ஓட்டறாருன்னா அந்த வண்டி மேலயே பாத்தியம் கேக்கலாம். ஆனா உள்ளுக்குள்ள விஷயம் தெரியாம, நல்ல எண்ணத்தோட, வெலை குடுத்து வாங்கினவன 64ம் பிரிவு காப்பாத்தும். பிரியாணியாவே தின்னு தீத்துட்டான்னா வண்டியும் இல்ல ஒன்னும் இல்ல, அவன் சொந்தக் காசுலேந்து குடுன்னு மட்டும் கேக்கலாம். அங்க பழமொழி ஜெயிக்குது.

‘சாவா மூவா பேராடு’ன்னு எதோ சொன்னியே?

ஆமா, இத சொல்லாம விடமாட்டேன். சோழர் காலத்துக் கல்வெட்டுல கோயிலுக்கு நந்தா விளக்கு, அதாவது அணையாம எரியற விளக்கு, வைக்கறதுக்கு ஆடு குடுப்பாங்க, ஒரு விளக்குக்கு 90ஓ 96ஓ. ஆட்ட எடையர்கிட்ட ஒப்படைச்சி, தெனம் ஒரு உழக்கு நெய் அளக்கணும்னு ஏற்பாடு. அந்த ஆட்டுக்குப் பேரு சாவா மூவாப் பேராடு. சாகாத, கெழடாகாத ஆடு. எந்த ஆடு சாகாது? ஒவ்வொரு ஆடும் சாகும், குட்டி போடும், எடையன் கணக்க சரியா வச்சிக்கணும், மந்தை மட்டும் 96ஆவே நிக்கணும்.

டிரஸ்ட் நிதிக்கு இதவிட நல்ல படம் நான் எந்த இங்கிலீஷ் சட்டப் புக்குலயும் பாக்கல. பணம் ஷேரா மாறலாம், ஷேர் பில்டிங்கா மாறலாம், பில்டிங் இடிஞ்சி இன்சூரன்ஸ் காசா வரலாம், நிதி அதே நிதி. நம்ம திருவொற்றியூர் தியாகராஜசாமி கோயில் செவுத்துல பல்லவர், சோழர் காலத்து தானக் கல்வெட்டு வரிசையா இருக்கு, விளக்குக்கு, பூசைக்கு, எலக்கணம் சொல்லிக் குடுக்கற மண்டபத்துக்குன்னு. அடுத்தவாட்டி சாமி கும்புடப் போனா செவுத்தையும் பாருங்க. இந்த மாதிரிக் கல்வெட்டு பலதுல முடியற எடத்துல, இந்த தர்மத்தக் காப்பாத்தறவங்க பாதம் என் தலைமேலன்னு ஒரு வரி வரும். எழுதி வச்ச ராஜாவோ வியாபாரியோ, இன்னும் பொறக்காத ஒரு குமாஸ்தாவோட காலத் தன் தலைல வச்சிக்கறான். சிலதுல, அழிச்சவனுக்கு கங்கைக்கரைல பசுவக் கொன்ன பாவம்னு சாபமும் வரும். போலீஸ் இல்ல, ரெஜிஸ்டர் ஆபீஸ் இல்ல, நூறு வருஷம் கழிச்சி வர்றவன இப்படித்தான் புடிச்சிருக்காங்க.

கோயில் சொத்துக்கு சாமியே ஓனர்னா, தர்மகர்த்தா டிரஸ்டி இல்லியா?

கண்டிப்பான அர்த்தத்துல இல்ல. 1921ல வித்யா வாருதி தீர்த்தர் எதிர் பாலுசாமி ஐயர் கேசுல பிரிவி கவுன்சில், அதாவது வெள்ளக்காரன் காலத்துல லண்டன்ல இருந்த கடைசி அப்பீல் கோர்ட்டு, சொன்னது, இங்கிலீஷ் டிரஸ்ட்டுல சொத்து டிரஸ்டி பேர்ல இருக்கும், மடாதிபதி, தர்மகர்த்தா, முத்தவல்லி இவங்க பேர்ல சொத்து இல்ல, இவங்க நிர்வாகிங்க. சாமி சட்டப்படி ஒரு ஆளு, கூடவே மைனர் மாதிரி காப்பாத்தப்பட வேண்டிய ஆளு. உலகத்தையே காக்கற சாமிய மைனர்னு சொல்றது கேக்க சிரிப்பா இருக்கும், ஆனா அந்த ‘மாதிரி’யால கோயில் நெலம் எத்தினியோ தப்பிச்சிருக்கு.

சீட்டு கட்டின பணம் டிரஸ்ட்டா? கம்பெனி மூடிட்டு ஓடிட்டாங்க.

பெரும்பாலும் அது கடன், டிரஸ்ட் இல்ல. ‘நம்பிக் குடுத்தேன்’னு சொல்றதாலயே டிரஸ்ட் ஆயிடாது. நானும் ஒரு எடத்துல ஏமாந்தவன்தான், பேரு சொல்லல. நம்பிக்கை மோசடின்னு கிரிமினல் புகார் வேற பாதை, முன்னாடி ஐபிசி 405, 406, இப்ப 2024 ஜூலைலேந்து பிஎன்எஸ் 316. வக்கீலப் பாருங்க, காலந்தாழ்த்தாதீங்க.

காந்தி சொன்ன தர்மகர்த்தா முறையும் (டிரஸ்டிஷிப்) இதுவும் ஒன்னா?

அங்கேந்து எடுத்ததுதான். சத்திய சோதனைல அவரே எழுதறாரு, கீதை படிக்கும்போது லண்டன்ல சட்டத்துக்குப் படிச்ச ஸ்னெல்லோட ஈக்விட்டி (அந்த சான்சலர் கோர்ட்டு நியாயம்) புக்கு ஞாபகம் வந்துச்சு, ‘டிரஸ்டி’ங்கற வார்த்தைக்கு அர்த்தம் கீதை வெளிச்சத்துல வெளங்குச்சுன்னு. கோடிக்கணக்குல சொத்து கையில இருந்தும் ஒரு காசக் கூட தன்னுதுன்னு நெனைக்காதவன் டிரஸ்டி. வெறும் வார்த்தையோட நிக்கல, பம்பாய்க்கு எழுதி தன் இன்சூரன்ஸ் பாலிசிய கட்டாம விட்டுட்டாரு. ஒரு சட்ட உருவகம் ஒரு ஆளோட பணப்பை வரைக்கும் எறங்கி வேலை செஞ்சதுக்கு இதவிட சாட்சி வேணுமா?

ஆனா அதையே பணக்காரங்க எல்லாருக்கும் விரிச்சப்போ சிக்கல். பணக்காரன் ஏழைங்களுக்கு டிரஸ்டின்னா, ஏழை எந்தக் கோர்ட்டுல போய் கணக்கு கேப்பான்? 15ம் பிரிவு போச்சு, 19 போச்சு, 51 போச்சு, பேரு மட்டும் நிக்குது. அம்பேத்கர் இந்த யோசனையக் கேலியாவே தள்ளினாரு. வியாசர்பாடிலேந்து வர்ற தோழர் ஒருத்தர் சொல்வாரு, ‘நோட்டு இல்லாத கமிட்டிண்ணா அது’ன்னு. எனக்கு காந்தியோட அந்தப் பாலிசி முடிவு மேல மரியாதை கொறையல, திட்டத்து மேல நம்பிக்கை இல்ல.

இதவிட மோசமாவும் நடந்திருக்கு. முதல் உலகப்போருக்கு அப்புறம் சர்வதேச சங்கத்தோட (லீக் ஆஃப் நேஷன்ஸ்) ஒப்பந்தம் 22ம் பிரிவுல, தோத்த நாடுங்க கையிலேந்து எடுத்த காலனி ஜனங்களோட நலன் நாகரிகத்தோட புனிதமான டிரஸ்ட்டுன்னு எழுதி வச்சிட்டு ஊர ஆண்டாங்க. பயனாளியப் பாத்து நீ இன்னும் மைனர்னு டிரஸ்டியே முடிவு பண்றான். எந்த டிரஸ்ட் கோர்ட்டு இத ஒத்துக்கும்?

உருவகம் ஆபத்துன்னு யாராவது ஜட்ஜே சொல்லிருக்காங்களா?

கார்டோசோ, நியூயார்க்ல. 1926ல ஒரு தீர்ப்புல, சட்டத்துல வர்ற உருவகத்த கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கினு பாக்கணும், யோசனைய விடுதலை பண்ண வந்தது பல நேரம் அதையே அடிமையாக்கிடும்னாரு. ரெண்டே வருஷத்துல, மெய்ன்ஹார்டு எதிர் சால்மன் கேசுல, ரெண்டு கூட்டாளிங்க சம்பந்தப்பட்ட ஒரு ஓட்டல் லீஸ் விஷயம், டிரஸ்டி மாதிரி இருக்கறவனுக்கு சந்தைல நடக்கற ஒழுக்கம் போதாது, நேர்மைக்கும் மேல நுணுக்கமான மானம் வேணும்னு அவரே உருவகத்துல பொளந்து கட்டினாரு. அந்த வரியத்தான் இன்னி வரைக்கும் வக்கீலுங்க எடுத்துப் போடறாங்க, எச்சரிக்கைய ஒருத்தரும் போட்டு நான் பாத்ததில்ல.

எண்ணூர் கழிமுகத்துக்கும் டிரஸ்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?

சுப்ரீம் கோர்ட்டு 1996 டிசம்பர்ல எம்.சி. மேத்தா எதிர் கமல்நாத் கேசுல சொன்ன தீர்ப்பு. பியாஸ் ஆத்தோரம், குலு மனாலி பக்கம் (நம்ம மணலி இல்ல), ஒரு ஓட்டல் கம்பெனிக்குக் குடுத்த காட்டு நெலத்து லீச ரத்து பண்ணாங்க. ஆறு, கடல், கரை, காடு இதுக்கெல்லாம் அரசு டிரஸ்டி, ஜனங்கதான் பயனாளின்னு சொன்னாங்க. அப்ப கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற எடமும் நம்ம பேர்ல அரசு வச்சிருக்கற சொத்துதான். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து எண்ணூர்ல படகு, வலை எல்லாம் கருப்பாச்சே, அப்ப மீன்காரங்க கேட்டது நிவாரணம் மட்டுமில்ல. ஒரு அக்கா கை பூரா எண்ணெயோட வலையக் காட்டி, ‘இத பாத்துக்கச் சொல்லித்தான கவுருமெண்டு கைல குடுத்துகீறோம்’னு சொன்னாங்க. வக்கீலுங்க பத்து பக்கம் எழுதறத ஒரு வரில. சாதா டிரஸ்ட்டுல இருக்கற மாதிரி வருஷா வருஷம் கணக்குப் படிக்கற பழக்கம் மட்டும் இதுல இன்னும் வரல.

இங்கிலீஷ்காரன் சட்டந்தான, நம்ம ஊர்ல ஒழுங்கா வேலை செஞ்சிருக்கா?

ஹைகோர்ட்டுக்கு எதிர்ல, என்எஸ்சி போஸ் ரோட்டுல, ப்ளாட்ஃபார்ம் கடைங்களுக்குப் பின்னாடி கிரேக்கக் கோயில் மாதிரி தூண் வச்ச ஒரு கட்டடம் ஒளிஞ்சிருக்கும், பச்சையப்பன் ஹால். பச்சையப்ப முதலியார் 1794ல உயில் எழுதி வச்சிட்டு செத்தாரு. அவரு காசுல பள்ளிக்கூடம் தொறந்தது 1842ல. நடுவுல கிட்டத்தட்ட அம்பது வருஷம் உயிலும் வழக்குமா இழுத்து, அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முனைஞ்சி நின்னு கோர்ட்டு மூலமாத்தான் அந்தப் பணம் தர்மத்துக்குத் திரும்புச்சு. வேலை செஞ்சிருக்குன்னு சொல்லலாம், செய்யலன்னும் சொல்லலாம், அம்பது வருஷத்துல ரெண்டு தலைமொறை படிக்காமப் போயிருக்கும்.

அந்த தகரப் பெட்டி இப்ப யார்கிட்ட இருக்கு?

கோயில் பின் ரூம்ல. நைனா போன தைல தவறிட்டாரு, அவர் சாவி அவரு மருமவகிட்ட. என் சாவிய நான் மூணாவது வீட்டு அக்காகிட்ட குடுத்துட்டேன், நோட்டு மட்டும் நான் எழுதறேன். இந்த வருஷம் கேவுரு வெலை ஏறிடுச்சு, வசூல் ஞாயித்துக்கெழமலேந்து.